மெட்டும் துணையும்: அயர்லாந்து நாட்டிசையின் இன்றைய கருவியமைப்புகள்

அயர்லாந்து நாட்டின் பழைய மெட்டுகள் இன்று உலகின் பல பகுதிகளிலும் புதிய உடையில் ஒலித்து வருகின்றன. குழலும் வயலினும் யாழும் ஒரு காலத்தில் தனித்து இசைத்த மெட்டுகளைப் பியானோவும் கித்தாரும் முழு இசைக்குழுவும் தாங்கி நிற்கின்றன. தியானக் கூட்டங்களிலும் திருமணங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் இவ்வொலிப்பதிவுகள் பயன்படுத்தப்படுகின்றன. ‘கெல்டிய ஆன்மீகம்’ என்ற பெயரோடு விற்பனைக்கு வருபவையும் பல. இவற்றைத் திறனாய்வது இறையியல் இதழொன்றின் பணிதானா எனச் சிலர் வினவக்கூடும். பணியே என்பது நம் துணிபு. ஒரு மக்கள் கூட்டம் தன் பசியையும் பிரிவையும் களிப்பையும் மெட்டுகளில் சேமித்து வைத்திருக்கையில், அவற்றை எடுத்தாளும் கை அவற்றுக்கு என்ன செய்கிறது என்பது அழகியல் வினா மட்டுமன்று. அறநெறி வினாவும் ஆகும். அன்றியும், இவ்விசையின் வரலாற்றில் திருச்சபையின் கையும் படிந்திருக்கிறது. அது எவ்வாறு படிந்தது என்பதைக் குருமாரும் குருத்துவ மாணவரும் அறிந்திருத்தல் நலம்.

கருவியமைப்பு என்று நாம் ஈண்டுக் குறிப்பது, முன்பே உள்ள ஒரு மெட்டுக்கோ மெட்டு மரபுக்கோ துணையாகப் பிற கருவிகளையும் சுரங்களையும் ஒழுங்குபடுத்தி அமைப்பதையே. இத்தகைய அமைப்புகளை அளப்பதற்கு நாம் கையாளும் அளவுகோல் ஒன்றே. துணையாக வந்தது மெட்டுக்குச் செவிகொடுக்கிறதா, அன்றி மெட்டைத் தன் பணிக்கு அமர்த்திக்கொள்கிறதா?

1. மெட்டின் இயல்பு

அளவுகோலைப் பயன்படுத்துமுன் அளக்கப்படும் பொருளை அறிய வேண்டும். அயர்லாந்தின் மரபிசை அடிப்படையில் ஒற்றை மெட்டிசை. பல சுரங்கள் ஒரே வேளையில் ஒலித்து ஒத்திசைவை உண்டாக்குவது அதன் உயிர்நிலை அன்று. நம் நாட்டு இசையைப் போன்றே மெட்டின் ஓட்டத்திலும் அணிகளிலும்தான் அதன் அழகு அடங்கியுள்ளது. ‘ரீல்’, ‘ஜிக்’ முதலான நடன மெட்டு பெரும்பாலும் எட்டு அளவுகள் கொண்ட இரு பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியும் இருமுறை இசைக்கப்பட, 32 அளவுகளில் ஒரு சுற்று முடியும். முடிந்தவுடன் நில்லாமல் மறுசுற்று தொடங்கும். வெறும் தாளில் இதைக் காண்போர்க்குச் சலிப்பூட்டும் மறுபடிமமாகத் தோன்றும். தேர்ந்த இசைஞரிடம் கேட்டாலோ, ஒரு சுற்று மற்றொன்றைப் போல் இராது. ஒரு சுரத்தை அதன் மேலும் கீழும் உள்ள சுரங்களால் நொடிப்பொழுதில் வளைத்துச் சுற்றும் அணியை ஒரு முறை சேர்ப்பார். அடுத்த முறை அதே இடத்தில் நீண்ட சுரமாக நிறுத்துவார். பிறிதொரு முறை மூச்சுக்காக அதனை விட்டே விடுவார். இச்சிறு விடுதலைகளில்தான் அம்மெட்டு உயிர்வாழ்கிறது.

‘ஷான்-நோஸ்’ எனப்படும் பழைய பாடல் முறையிலிருந்து கருவிக்கு வந்த மெதுவான மெட்டுகளோ தாளக்கட்டுக்குள் அடங்குவன அல்ல. சொல்லின் நடையே அவற்றின் நடை. மேலும், பழைய இசைஞர் சிலரிடம் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் பியானோவின் கட்டைகளுக்கு இடைப்பட்ட நிலையில் ஒலிக்கும். கட்டையில் இல்லாத சுரத்துக்குக் கட்டையைக் கொண்டு துணை செய்வது எப்படி? இவ்விசையின் கருவியமைப்பாளர் எவரும் முதற்கண் எதிர்கொள்ள வேண்டிய இடர்ப்பாடு இது.

எனினும், இம்மரபு துணையையே அறியாதது எனக் கூறுவது மிகை. முழங்கையால் இயக்கப்படும் துருத்தியிலிருந்து காற்றுப் பெறும் ‘இல்லன்’ குழலில், மெட்டிசைக்கும் குழலோடு சுருதி விடாது ஒலிக்கும் குழல்களும் உண்டு. மணிக்கட்டின் விளிம்பால் அழுத்தி எளிய ஒத்திசைவுகளை எழுப்பும் குழல்களும் உண்டு. அன்றியும், மரபுக் கருவிகள் என இன்று போற்றப்படுபவற்றுள் பல வெளியிலிருந்து வந்தவையே. வயலின் இத்தாலியில் உருப்பெற்றது. மரக்குழலோ, ஐரோப்பிய இசைக்குழுக்கள் புதிய உலோகச் சாவிக் குழலுக்கு மாறியபோது கைவிட்ட கருவி. கிரேக்க நாட்டு ‘புசூக்கி’ 1960-களில்தான் அயர்லாந்தை அடைந்தது. ஆகவே தூய்மைவாதம் பேசுவோர்க்கு வரலாறு துணைநில்லாது. வெளியார் வரலாமா என்பது இங்கு வினா அன்று. வந்தவர் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே வினா.

2. எழுதியவரின் கை

1792-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெல்பாஸ்ட் நகரில் யாழிசைஞரின் கூட்டமொன்று நடைபெற்றது. அழிந்துகொண்டிருந்த ஒரு கலையின் கடைசிக் கூட்டம் என்றே அதனைக் கூறலாம். அங்கே இசைத்த ஐரிஷ் யாழிசைஞர் பதின்மர். அவர்களுள் தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே நீண்ட விரல் நகங்களால் உலோகக் கம்பிகளை மீட்டும் பழைய முறையைக் காத்திருந்தார். அவர்கள் இசைத்ததை எழுதிக்கொள்ளும் பணி எட்வர்டு பண்ட்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞருக்கு அளிக்கப்பட்டது. அவர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்துப் பயின்றவர். அவர் எழுதியிராவிடில் அம்மெட்டுகளுட் பல மண்ணோடு மண்ணாகியிருக்கும். இதனை நாம் நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆயினும், பண்ட்டிங் 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட தொகுதிகளில் அம்மெட்டுகள் பியானோவுக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டு வந்தன. இன்று பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் காக்கப்படும் அவருடைய கையேடுகளை அச்சுத் தொகுதிகளோடு ஒப்பிட்ட அறிஞர், இடையே நேர்ந்த மாற்றங்களைக் காட்டியுள்ளனர். சுருதிநிலைகள் மாறின, பியானோ பயில்வோரின் செவிக்கு இனிய ஒத்திசைவுகள் ஏறின. பாடபேதங்களை ஆராய்ந்து பழகிய நம் மாணவர்க்கு இது புதிதன்று. மூலப்படி இல்லாத ஒரு நூலின் பிற்கால அச்சுப்படி ஏற்கப்பட்ட பாடமாக நிலைபெற்றுவிடுவதை நாம் அறிவோம். மெட்டுக்கு மூலப்படி என ஒன்று என்றுமே இருந்ததில்லை. பாடபேதங்களே அதன் வாழ்வு. அச்சு ஒரு பேதத்தைச் சட்டமாக்கியது.

பண்ட்டிங்கின் தொகுதியிலிருந்து தாமஸ் மூர் மெட்டுகளை எடுத்துக்கொண்டு, 1808 முதல் தம் ஆங்கிலப் பாடல்களை வெளியிட்டார். அவற்றுக்குத் துணையிசை அமைத்தவர் ஜான் ஸ்டீவன்சன். மாளிகைகளின் கூடங்களில் அவை பெருவரவேற்புப் பெற்றன. அதே காலத்தில் எடின்பரோவின் ஜார்ஜ் தாம்சன் என்பவர் ஐரிஷ் மெட்டுகளை வியன்னாவிலிருந்த பேத்தோவனுக்கு அனுப்பி, பியானோ, வயலின், செல்லோ ஆகியவற்றுக்கான துணையிசையை அமைக்கச் செய்தார். மெட்டுகள் பெரும்பாலும் சொற்களின்றியே அனுப்பப்பட்டன. பாடலின் பொருளை அறியாமல் எவ்வாறு அமைப்பது எனப் பேத்தோவன் முறையிட வேண்டியதாயிற்று. 1814-இல் வெளிவந்த அத்தொகுதியில் அம்மேதையின் திறன் ஒளிர்கிறது என்பதில் ஐயமில்லை. முன்னுரையாகவும் முடிவுரையாகவும் அவர் சேர்த்த சிறு கருவிப் பகுதிகள் எழில் மிக்கவை. எனினும் அவற்றுள் நாம் சந்திப்பது பேத்தோவனையே. மெட்டு அவருக்கு ஒரு வாய்ப்பாயிற்று. சொல்லையும் சூழலையும் பிரித்துவிட்டு ஒரு வசனத்தை எடுத்துப் பேசும் பிரசங்கியார் எத்துணை நாவன்மை உடையவராயினும், நாம் கேட்பது அவர் கருத்தையே அன்றோ?

3. திருச்சபையின் கை

இருபதாம் நூற்றாண்டின் கருவியமைப்புகளைப் பேசுமுன், ஒரு சட்டத்தைப் பற்றிக் கூற வேண்டும். 1925-இல் அயர்லாந்தின் கத்தோலிக்க ஆயர்கள் நடனக் கேளிக்கைகளைக் கண்டித்து அறிக்கை விடுத்தனர். 1935-இல் பொது நடன அரங்குச் சட்டம் நிறைவேறியது. பொது நடனத்துக்கு உரிமம் வேண்டும் என்பதே அதன் விதி. ஆனால் பல சிற்றூர்களில் அண்டை வீட்டார் கூடி ஆடிய அடுக்களை நடனங்களும் அச்சட்டத்தின் பேரால் குருமாராலும் காவலராலும் நிறுத்தப்பட்டன. ஒழுக்கத்தைக் காப்பதே அவர்கள் நோக்கம். நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. விளைவையே நோக்குகிறோம்.

அடுக்களையில் ஒரு வயலினோ ஒரு குழலோ போதும். உரிமம் பெற்ற பெரிய அரங்கிலோ நூற்றுக்கணக்கானோரின் காலடி ஓசைக்கு மேல் இசை கேட்க வேண்டும். ஆகவே பல வயலின்கள், குழல்கள், அக்கார்டியன்கள், பியானோ, பறைகள் ஆகியவை சேர்ந்து ஒரே மெட்டை ஒரே வேளையில் முழங்கும் ‘கெய்லி’ இசைக்குழுக்கள் பெருகின. சட்டம் ஒன்றே இதற்குக் காரணம் எனக் கூறவியலாது. வானொலியும் புலம்பெயர்ந்தோரின் நடன அரங்குகளும் இதில் பங்கு பெற்றன. எனினும், ஓர் இசையின் அமைப்பை மாற்றிய சக்திகளுள் பிரசங்கபீடமும் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. பத்துப் பேர் ஒன்றாக இசைக்கையில் ஒருவர் தம் மனம்போல் ஒரு சுரத்தை வளைக்க இடமில்லை. சுற்றுக்குச் சுற்று மாறிய மெட்டு, எல்லாச் சுற்றிலும் ஒன்றேயாயிற்று. இது கத்தோலிக்கர் செய்தது என நாம் ஒதுங்கி நிற்கவும் இயலாது. சீர்திருத்த மரபில் வந்த நாமும் மக்களின் ஆடல் பாடலை ஐயத்தோடு நோக்கிய வரலாறு உடையோமே. பாவத்தை விலக்க எண்ணும் மேய்ப்பர், அதனோடு சேர்த்து எதை விலக்குகிறோம் என எண்ணிப் பார்ப்பது அரிது.

4. ஓ ரியாடாவின் திருப்பம்

இந்நிலையை மாற்றிய முதன்மையானவர் ஷோன் ஓ ரியாடா (1931–1971). கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஐரோப்பியச் செவ்வியல் இசை பயின்ற இவர், 1959-இல் ‘மிஷெ ஏரெ’ என்னும் ஆவணப்படத்துக்கு இசையமைத்துப் புகழ் பெற்றார். 1916-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையும் அதனை ஒட்டிய காலத்தையும் பழைய படச்சுருள்களைக் கொண்டு காட்டும் அப்படத்தில், ‘ரோஷீன் டூ’ என்னும் பழைய மெட்டு முழு இசைக்குழுவின் நடுவே கொம்பின் குரலில் எழுகிறது. கேட்பவர் நெஞ்சை நெகிழ்விக்கும் இசை அது. ஆயினும் நம் அளவுகோலை வைத்துப் பார்க்குங்கால், அங்கு மெட்டு ஒரு கொடி போல் உயர்த்தப்படுகிறது. கொடி அசையலாம், பேசாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசைக்குழுவின் மொழியே அங்கு ஆட்சி செய்கிறது. மெட்டின் அணிகளும் நடைவிடுதலையும் அவ்வாட்சிக்குப் பணிந்துவிட்டன.

புகழின் உச்சியில் இருந்த அவர் அவ்வழியிலேயே சென்றிருக்கலாம். அவரோ சிறுமையை நோக்கித் திரும்பினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ‘கியோல்டோரி கூலன்’ என்னும் சிறு குழுவை உருவாக்கினார். குழலர், வயலினர் முதலான மரபிசைஞரே அதில் இடம்பெற்றனர். 1962-இல் வானொலியில் தொடர் உரைகள் நிகழ்த்தி, கெய்லிக் குழுக்கள் எல்லாரும் எப்போதும் ஒன்றாகவே முழங்கும் முறையைக் கடுமையாகக் கண்டித்தார். தம் குழுவில் அதற்கு மாற்று வழி கண்டார். ஒரு சுற்றை ஒருவர் தனித்து இசைப்பார். அடுத்த சுற்றை மற்றொருவர் ஏற்பார். இருவர் மட்டும் சேர்வர். பின்னர் அனைவரும் கூடுவர். இம்முறையில் தனியர் ஒருவரின் அணிகளும் மாற்றங்களும் மீண்டும் செவிக்கு எட்டின. ‘பௌரான்’ என்னும் தோற்பறையை அவரே முழக்கி அதற்கு மேடையில் மதிப்புத் தேடித் தந்தார். பழைய உலோகக் கம்பி யாழின் ஒலிக்கு நெருங்கியது எனக் கருதி ஹார்ப்சிகார்டு வாசித்தார். இது நமக்கு முழுமையாக உடன்பாடன்று. அக்கருவியின் கூர்மையான ஒலி சில இடங்களில் அரண்மனைக் கூடத்தை நினைவூட்டுகிறதேயன்றி யாழை அன்று. ஆனால் நோக்கம் தெளிவு: இல்லாமற்போன ஒரு குரலுக்கு இடம் ஒதுக்க விரும்பினார்.

பின்னர் அவர் மேற்குக் கார்க்கில் ஐரிஷ் மொழி வழங்கும் கூல் ஏ என்னும் சிற்றூரில் குடியேறி, அவ்வூர் ஆண்களைக் கொண்டு பாடகர் குழுவை நிறுவி, அவர்கள் தாய்மொழியில் பாடுதற்குத் திருப்பலி இசை அமைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்திருந்த காலம் அது. முழு இசைக்குழுவிலிருந்து சிறு குழுவுக்கும், சிறு குழுவிலிருந்து ஊராரின் தொண்டைக்கும் அவர் சென்ற பாதையில் ஓர் இறையியல் உண்மை அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். தன்னை வெறுமையாக்குதல் என்பதைக் கிறிஸ்தியலில் கற்கும் நாம், அதன் நிழலை ஒரு கலைஞரின் தொழில்வாழ்வில் காண்பது தவறாகாது.

அவர் குழுவிலிருந்த பேடி மொலோனி 1962-இல் ‘சீப்டன்ஸ்’ குழுவைத் தொடங்கினார். 2021-இல் அவர் இறக்கும்வரை அது உலகெங்கும் பயணம் செய்தது. 1972-இல் தோன்றிய ‘பிளாங்ஸ்டி’ குழுவினர் புசூக்கியையும் மாண்டலினையும் கொண்டு வேறொரு வழி கண்டனர். மெட்டின் அடியில் கட்டி கட்டியாக ஒத்திசைவுகளை அடுக்காமல், மெட்டுக்கு எதிரே மற்றொரு மெல்லிய மெட்டை ஓடவிட்டனர். வழித்துணையாக வருபவர் நம்மோடு உரையாடுவதைப் போன்றது அது. ஒற்றை மெட்டிசைக்கு அதன் இயல்பிலேயே துணை செய்த முறை என அதனைப் பாராட்டலாம்.

5. படகும் கடலும்

முழு இசைக்குழுவால் மரபிசைக்கு நன்மை விளையவே முடியாதா? முடியும் என்பதற்குச் சான்றாக ஷான் டேவி 1980-இல் அளித்த ‘பிரெண்டன் பயணம்’ என்னும் படைப்பைக் காட்டலாம். ஆறாம் நூற்றாண்டுத் துறவி பிரெண்டன் கடல் கடந்து சென்றார் என்னும் பழைய வரலாற்றுக் கதையின் வழியில், டிம் செவெரின் என்பவர் 1976–77-இல் தோற்படகொன்றில் அயர்லாந்திலிருந்து நியூபவுண்டுலாந்து வரை சென்றார். அப்பயணமே இவ்விசையின் பொருள். இதில் இல்லன் குழல் படகாகிறது; இசைக்குழு கடலாகிறது. குழலை இசைத்தவர் லியம் ஓ பிளின்.

இது பழைய மெட்டுகளின் தொகுப்பன்று. மரபின் மொழியில் இயற்றப்பட்ட புதிய இசை. எனினும் துணையிசை பற்றிய நம் வினாவுக்கு இது நேரிய விடை தருகிறது. இல்லன் குழலால் வயலினைப் போல் ஓசையை விருப்பப்படி ஏற்றவோ இறக்கவோ இயலாது. அதன் சுரவரம்பும் குறுகியது. வலிமை மிக்க இசைக்குழு தன் வலிமையால் அதனை மூழ்கடித்துவிடலாம். ஆகவே எளியவருக்கு வலியவர் இடங்கொடுத்தே இவ்விசை நடைபெற முடியும். டேவி இக்குறையையே படைப்பின் உட்பொருளாக்கினார். கடல் பெரிது, படகு சிறிது. ஆயினும் நம் செவி படகையே பின்தொடர்கிறது. கொந்தளிப்பைக் காட்டும் பகுதிகளில் இசைக்குழு திரைப்படத்துக்கு இசைப்பதுபோல் ஆரவாரம் செய்வதுண்டு. அங்கெல்லாம் படகு கண்ணுக்கு மறைகிறது. ஓ பிளின்னின் குழல் மீண்டும் எழும்போதுதான் கேட்பவர் மூச்சு விடுகிறார்.

இதற்கு மறுபுறமாக நிற்பது பில் வீலன் இயற்றிய ‘ரிவர்டான்ஸ்’. 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் நடந்த யூரோவிஷன் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிட நிகழ்ச்சியாக அது அரங்கேறியது. 1995-இல் முழு நீள நிகழ்ச்சியாக வளர்ந்தது. கிழக்கு ஐரோப்பியத் தாளங்களை ஐரிஷ் நடனத்தோடு இணைத்த வீலனின் திறமை மறுக்கத்தக்கதன்று. தம் பண்பாட்டைக் குறித்து நாணியிருந்த பலர் அன்று தலைநிமிர்ந்தனர் என்பதும் உண்மை. ஆயினும் அதன் உச்சக்கட்டம் எதில் அமைகிறது? நீண்ட வரிசையில் நிற்கும் ஆடுநர் அனைவரும் ஒரே அடியை ஒரே நொடியில் வைப்பதில். அவ்வெற்றி ஒருமையின் வெற்றி. கெய்லி அரங்கில் தனியரின் விடுதலையை விழுங்கிய அதே ஒருமை, இங்கே ஒளியும் மேடையும் பெற்றுத் திரும்பி வந்திருக்கிறது.

6. குறைத்தலின் வலிமை

கிளேர் மாவட்டத்தைச் சேர்ந்த வயலினிசைஞர் மார்ட்டின் ஹேய்ஸ், புகழ்பெற்ற டுல்லா கெய்லிக் குழுவை நடத்திய பி. ஜே. ஹேய்ஸின் மகன். கெய்லி இசையில் பிறந்து வளர்ந்த இவர், சிகாகோவில் பிறந்த கித்தாரிசைஞர் டென்னிஸ் கேஹிலோடு இணைந்து 1997-இல் வெளியிட்ட ‘தனிமையின் தொடுகை’ என்னும் பொருள்படும் பெயர்கொண்ட ஒலிப்பதிவு, துணையிசையின் இலக்கணத்தையே மாற்றியது எனலாம். 2022-இல் மறைந்த கேஹில் மிகக் குறைவாகவே வாசிப்பார். பிற கித்தாரிசைஞர் அளவுக்கு நான்கு முறை நரம்பை அடிக்கும் இடத்தில் இவர் ஒரு சுரத்தை மட்டும் வைத்து, அடுத்த அளவில் கை வாளாவிருப்பார். அம்மௌனத்தில் வயலினின் சிறு வளைவும் தெளிவாகக் கேட்கிறது. விரைந்தோடும் நடன மெட்டுகளை ஹேய்ஸ் மெதுவாகத் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று அவற்றின் உட்துயரை வெளிக்கொணர்கிறார்.

கேஹில் வாசித்த சுரங்களை எவரும் எண்ணிவிடலாம்; அவர் வாசியாமல் விட்டவற்றை மதிப்பிடுவதற்குத்தான் திறனாய்வு வேண்டும். மணவாளனின் தோழன் அருகே நின்று, மணவாளனுடைய குரலைக் கேட்டு மகிழ்வதாக யோவான் ஸ்நானன் தன்னைக் குறித்துச் சொன்னதை நாம் அறிவோம். துணையிசைஞருக்கு இதனினும் சிறந்த இலக்கணம் நமக்குத் தெரியவில்லை. அருகே நிற்க வேண்டும், விலகிப் போகலாகாது. கேட்க வேண்டும், தன் குரலால் நிரப்பலாகாது. மகிழ வேண்டும், கடமைக்காக நிற்கலாகாது. கேஹிலின் வாசிப்பில் இம்மூன்றும் உள.

இவ்விருவரும் 2011-இல் ‘குளோமிங்’ என்னும் ஐவர் குழுவில் சேர்ந்தனர். முதல் ஒலித்தட்டு 2014-இல் வெளிவந்தது. அமெரிக்கரான தாமஸ் பார்ட்லெட்டின் பியானோ அதில் இடம்பெற்றது. பண்ட்டிங் காலம் முதல் மெட்டை நெருக்கிய அதே பியானோ, இங்கு வெகு தொலைவில் விழும் துளிகள் போல் ஒலிக்கிறது. பாடகர் இயர்லா ஓ லினார்டோ, ஓ ரியாடா நிறுவிய கூல் ஏ பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். ஆக, ஓ ரியாடா தொடங்கிய பணியின் கனியை இங்கே காண்கிறோம். ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஏறக்குறைய 16 நிமிடங்கள் நீளும் பகுதிகளில், மெதுநடையும் மௌனமும் தாமே ஒரு பாணியாக உறைந்துவிடும் ஆபத்து தலைகாட்டுகிறது. நடனத்துக்கென எழுந்த மெட்டு முற்றிலும் தியானமாக்கப்படுகையில் அதன் கால்கள் கட்டப்படுகின்றன. மழையொலியும் மூடுபனியும் கலந்து விற்கப்படும் ‘கெல்டிய ஆன்மீக’ ஒலிப்பதிவுகள் இவ்வாபத்தின் முடிவிடம். அங்கே பசியும் இல்லை, களிப்பும் இல்லை. எவருடைய மெட்டாகவும் இல்லாத ஓர் அமைதி மட்டும் விற்கப்படுகிறது. தீர்க்கதரிசிகள் கண்டித்த பொய்ச் சமாதானத்தை அது நமக்கு நினைவூட்டினால் வியப்பில்லை.

7. ஸ்லேன் மெட்டு

இறுதியாக, நம் வழிபாட்டுக்கு மிக நெருங்கிய ஒரு மெட்டைக் காண்போம். மரபுப்படி பரிசுத்த பேட்ரிக், மன்னன் ஆணையை மீறி உயிர்த்தெழுதல் திருநாள் முன்னிரவில் நெருப்பு மூட்டிய குன்று ஸ்லேன். அதன் பெயரைத் தாங்கிய மெட்டு பாமாலைகளுக்கென இயற்றப்பட்டதன்று. பேட்ரிக் வெஸ்டன் ஜாய்ஸ் 1909-இல் வெளியிட்ட, 842 மெட்டுகளும் பாடல்களும் அடங்கிய தொகுதியில், அது ஓர் உலகியற் பாடலின் மெட்டாக இடம்பெற்றது. பழைய ஐரிஷ் மொழி மன்றாட்டொன்றை 1905-இல் மேரி பைர்ன் ஆங்கில உரைநடையாக்கினார். 1912-இல் எலினார் ஹல் அதனைச் செய்யுளாக்கினார். 1919-இல் அயர்லாந்துத் திருச்சபையின் பாமாலை அச்செய்யுளை இம்மெட்டோடு இணைத்தது. தெய்வமே கண்ணொளியாக இருக்க வேண்டும் எனக் கோரும் அப்பாடல், நம் ஊர்களின் ஆங்கில ஆராதனைகளிலும் பாடப்படுவது நாம் அறிந்ததே.

இம்மெட்டின் நான்கு அடிகளுள் ஓரடியும் மற்றோரடியைப் போன்றதன்று. திரும்பி வராமல் முன்னோக்கியே செல்லும் நடை அதனுடையது; பயணிக்குரிய மெட்டு. பாமாலைகள் அதற்கு நான்கு குரல் ஒத்திசைவு அமைத்தன. சபையார் கூடிப் பாட அது உதவியது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கட்டு ஒத்திசைவைச் சுமத்தி ஆர்கனில் வாசிக்குங்கால், நடக்க வேண்டிய மெட்டு ஒவ்வோர் அடியிலும் நின்று சுமையை இறக்கி ஏற்றுகிறது. இன்றைய கருவிப்பதிவுகளோ மற்றொரு வகையில் பிழை செய்கின்றன. மெல்லிய குழலில் தொடங்கி, இரண்டாம் சுற்றில் நரம்புக் கருவிகளைக் கூட்டி, மூன்றாம் சுற்றில் சுருதியை உயர்த்தி, கடைசியில் பறைகளோடு முழங்கி முடிப்பது ஒரு வாய்பாடாகிவிட்டது. மன்றாட்டு வெற்றி ஊர்வலமாகிறது. கேட்பவரின் கண்ணீரை வரவழைக்கும் நொடியை அமைப்பாளர் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார். இது ஆவியானவருக்கு இடங்கொடுத்தலா, இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளுதலா என ஆராதனை நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அம்மெட்டை ஒரு சுருதியின் மேல் ஒரே குரலாகப் பாடிப் பார்க்கலாம். அல்லது ஒரு குழல் மெட்டை இசைக்க, ஓர் ஆழ்ந்த சுரம் மட்டும் அடிக்கு ஒருமுறை மாறி நிற்கலாம். வறுமையாகத் தோன்றும் இவ்வமைப்பில்தான் நான்கு அடிகளின் நான்கு வேறு முகங்களும் புலனாகும்.

8. முடிவுரை

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் நாம் கண்டது இதுவே. மெட்டைக் காக்க வந்தவர் அதனை உறையச் செய்தனர். உயர்த்த வந்தவர் அதனைக் கொடியாக்கினர். ஒழுக்கம் காக்க வந்தவர் அதன் அடுக்களையை மூடினர். இவர்களுள் எவரும் பகைவரல்லர். அனைவரும் அன்பு கொண்டவரே. ஆகவே அன்பு மட்டும் போதாது. கேட்கும் பொறுமையும் வேண்டும். மெட்டை மாற்றாது விடுவதே மரியாதை என்று நாம் கூறவில்லை. மாறாத மெட்டு இம்மரபில் செத்த மெட்டு. மாற்றம் மெட்டின் உள்ளிருந்து எழ வேண்டும். துணை அதற்கு இடம்விட வேண்டும்.

இவ்வினா அயர்லாந்தோடு நின்றுவிடுவதன்று. ஒரு சபையின் பழம்பாடலுக்கு முன் இசைப்பெட்டியோடு அமரும் ஒவ்வொருவரும் இதனை எதிர்கொள்கின்றனர். வேதவசனத்துக்கு முன் உரையாசிரியராக அமரும் நாமும் அவ்வாறே. பிறருடைய துயரத்துக்கு முன் ஆறுதல் சொல்ல அமரும் மேய்ப்பரும் அவ்வாறே. எதைச் சேர்க்கலாம் என்னும் எண்ணம் நமக்கு விரைவில் தோன்றுகிறது. எதைக் கேட்கத் தவறினோம் என்னும் எண்ணமோ மெதுவாகவே வருகிறது. அதுவரை கை கட்டையின் மேல் வாளாவிருக்கப் பழகுவதே துணையாளருக்குரிய முதற்பாடம்.